கடலோர வீடுகளில் சிறு குழந்தைகளுக்குத் திருவிவிலியம் கற்பிக்கும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கி மூக்கையூர், ரோச்மா நகர் வரையுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளுக்குத் திருவிவிலியத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதைப் பெற்றோருக்காகவும், பல வீடுகளில் அந்தப் பொறுப்பைச் சுமக்கும் தாத்தா பாட்டிகளுக்காகவும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். முப்பது நாற்பது பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், தன் வீட்டுக் கவலையை வாய்விட்டுக் கேட்கும் துணிவு ஐந்து வயதுப் பிள்ளைக்கு வராது. அந்தக் கேள்வி வீட்டில், பெரும்பாலும் பாயில் படுத்த பிறகுதான் வரும். அதற்கு அங்கேயே பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

கடற்கரைப் பிள்ளைக்கு வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இயேசு முதலில் அழைத்த நால்வரும் மீன்பிடித் தொழில் செய்தவர்கள். வலையை அலசுவதும், கிழிந்த வலையைச் சரிசெய்வதும், இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவதும், பிடித்த மீனைக் கரையில் உட்கார்ந்து தரம் பிரிப்பதும் நற்செய்தியில் வருகின்றன. இவற்றை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் இதே காரணத்தால் நமக்குப் பொறுப்பும் கூடுகிறது, ஏனென்றால் காற்று அடங்கிய கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் அப்பா அந்த நேரத்தில் கடலில் இருக்கக்கூடும். ஆகவே எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்ல வேண்டும். கடவுள் கொடுக்காத வாக்குறுதி எதையும் அவர் பெயரால் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. இதைத்தான் நான் முக்கியமாக வலியுறுத்த விரும்புகிறேன்.

யார் சொல்வது, எப்போது சொல்வது

திருவிவிலியத்தின் இணைச்சட்டம் என்ற நூலின் ஆறாம் அதிகாரம் (சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை வீடுகளில் உபாகமம் என்பார்கள்), கடவுளின் வார்த்தைகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பேசச் சொல்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது அன்றாடப் பேச்சு. அதற்குத் தனி அறையோ மேசையோ வேண்டாம்.

இங்கே வீட்டு நேரத்தைக் கடல் தீர்மானிக்கிறது. விசைப்படகில் செல்லும் அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டில் இருக்க மாட்டார். மீன் விற்கப் போகும் அம்மாவும், தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் அம்மாவும் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். ஆகவே 'தினமும் ஏழு மணிக்கு' என்று கடிகாரத்தை வைத்து முடிவு செய்தால் ஒரே வாரத்தில் அது நின்றுபோகும். தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு இதைச் சேர்த்துவிடுவது நல்லது. இரவுச் சாப்பாடு போடுவதற்கு முன்னுள்ள பத்து நிமிடம் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடமே போதும். குடும்ப ஜெபமாலை சொல்லும் வழக்கம் இருந்தால் கதையை ஜெபமாலைக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மறைபொருள் முடிவதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

அம்மாவும் அப்பாவும் இல்லாத நாளில் பாட்டி சொல்லட்டும். திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும், பிறகு தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பவுல் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியானால் மூத்த பிள்ளை வாசிக்கட்டும், பாட்டி கதையாகச் சொல்லட்டும். அந்தக் கூட்டு பல வீடுகளில் நன்றாகவே நடக்கிறது.

முதல் கதை

படைப்பில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் 16 முதல் 20 வரையுள்ள ஐந்து வசனங்களில் தொடங்குங்கள். நான்கு நற்செய்திகளில் மாற்குதான் சிறியது. பேச்சைவிடச் செயல் அதிகம். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள், செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள், இயேசு கூப்பிடுகிறார், அவர்கள் போகிறார்கள். இவ்வளவுதான் கதை.

சொல்வதற்கு முன், பகலில் நீங்கள் ஒருமுறை தனியாக வாசித்துவிடுங்கள். மாலையில் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து உங்கள் பேச்சுத்தமிழில் கதையைச் சொல்லுங்கள். பிறகு அந்த ஐந்து வசனங்களை மட்டும் புத்தகத்திலிருந்து நிறுத்தி வாசியுங்கள். இந்த இரண்டும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கதை மட்டும் சொன்னால் அது அம்மா கட்டிய கதையா, வேதத்தில் உள்ளதா என்று பிள்ளைக்குத் தெரியாது. வாசிப்பு மட்டும் என்றால் நான்கு வயதுக்குப் பொருள் பிடிபடாது. செல்பேசியில் விவிலியம் வைத்திருப்பவர்களும் இந்தப் பத்து நிமிடத்துக்கு அச்சுப் புத்தகத்தையே எடுங்கள். செல்பேசியைக் கண்டதும் பிள்ளையின் கவனம் வேறெங்கோ போய்விடும்.

வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் பெரியவர்கள் விரும்பும் பதிலைத்தான் சொல்வார்கள்: "கீழ்ப்படியணும்", "பொய் சொல்லக் கூடாது". அதைவிட, "யார் யார் படகில் இருந்தாங்க?", "அவங்க கையில என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை கதைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். பிறகு அதுவே ஒரு கேள்வி கேட்கும். இந்தக் கதையில் கடற்கரைப் பிள்ளை பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "அப்ப அவங்க அப்பா தனியாவா வீட்டுக்குப் போனாரு?" வேறு ஊரில் யாரும் செபதேயுவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, படகில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைதான் கவலைப்படும். மாற்கு அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறார்: செபதேயு கூலியாட்களோடு படகில் இருந்தார். அந்த வரியை மீண்டும் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். தன் கேள்விக்கு இந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது என்று பிள்ளை கண்டுகொள்ளும் அந்த நொடிக்காகத்தான் புத்தகத்தை விரித்து வைக்கச் சொன்னேன்.

கலிலேயாக் கடலைப் பற்றிச் சரியான செய்தியையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அது நம் வடகடல், தென்கடல் போன்ற உப்புக் கடல் அல்ல. பெரிய நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 13 கிலோமீட்டர். பாம்பன் ரயில் பாலத்தைப் போல ஆறு பாலங்களை ஒன்றின் முனையில் ஒன்றாக வைத்தால் அந்த அகலம் வரும் என்று சொன்னால் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். அங்கே பிடிபடும் மீன்களில் ஒன்று, நம் கண்மாய்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையின் இனத்தைச் சேர்ந்தது.

படகையும் காட்ட முடியும். 1986-ல் அந்த ஏரியில் தண்ணீர் வற்றியபோது, ஏறக்குறைய இயேசு வாழ்ந்த காலத்தைச் சேர்ந்த ஒரு மரப் படகு சேற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 27 அடி, அகலம் ஏழரை அடி. ஞாயிறு மாலை கரையில் ஈரமணலில் ஒரு கம்பால் அந்த அளவுக்குக் கோடு கிழியுங்கள். தெருப் பிள்ளைகள் பதின்மூன்று பேரை உள்ளே உட்காரச் சொல்லுங்கள். ஒருவரைப் பின்பக்கம் தலையணை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். "இவ்ளோ இடத்துலயா எல்லாரும் இருந்தாங்க?" என்று அவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு கேட்கும்போது, அடுத்துச் சொல்லப்போகும் கதைக்குத் தயாராகிவிட்டார்கள்.

காற்றும் கடலும் வரும் கதைகள்

மாற்கு நான்காம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி, 35 முதல் 41 வரை. இதை எல்லா வீட்டிலும் சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் அவசரமாகச் சொல்கிறோம். கலிலேயா ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. மேலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று திடீரென்று தண்ணீரைக் கிளப்பிவிடும். வாடைக் காலத்தில் வடகடலும், தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் தென்கடலும் எப்படி இருக்கும் என்று பார்த்த பிள்ளைக்கு அலை படகுக்குள் வந்து விழுவதை நாம் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது, பலரும் விட்டுவிடும் சிறு செய்திகளை: நேரம் மாலை, வேறு படகுகளும் கூடவே போயின, இயேசு பின்பக்கம் தலையணையில் தூங்கினார், சீடர்கள் பயந்தார்கள், பயந்ததோடு "உமக்குக் கவலையில்லையா?" என்றும் கேட்டார்கள். "இரையாதே, அமைதியாயிரு" என்ற சொல்லுக்குப் பின் கொஞ்சம் நிறுத்துங்கள். பிள்ளை பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள்.

அப்போது வரக்கூடிய கேள்வி, "எங்க அப்பா போட்டு முங்காதுல்ல?" என்பது. "ஜெபம் செய்தால் படகு ஒருபோதும் கவிழாது" என்று சொல்லிவிடத் தோன்றும்; சொல்லாதீர்கள். அப்படி ஒரு வாக்கு திருவிவிலியத்தில் எங்கும் இல்லை. அப்பா திரும்பி வராத பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அது இதைக் கேட்டால், தன் அம்மா சரியாக ஜெபிக்கவில்லை என்றுதான் முடிவு செய்யும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது அங்கே கிறிஸ்துமஸுக்குக் காத்திருந்த குடும்பங்களும் ஜெபம் அறியாதவை அல்ல. அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன; பிள்ளைகளைச் சுற்றிப்பார்க்க அழைத்துப் போகிறவர்களிடம் "சாமி ஏன் கோயிலக் காப்பாத்தல?" என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். "தெரியலடா. ஆனா அங்க இருந்தவங்க யாரையும் அவர் கைவிடலன்னு நம்புறோம்" என்பதுதான் ஒரு கிறிஸ்தவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில்.

அப்பாவைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு இரண்டு பங்காகப் பதில் சொல்லலாம். ஒன்று, உலக நடப்பு: காற்று அதிகமானால் அப்பா கரைக்குத் திரும்பிவிடுவார், பக்கத்தில் மற்றப் படகுகளும் போயிருக்கின்றன, எச்சரிக்கை வந்தால் மீன்வளத்துறை கடலுக்கே விடாது. மற்றொன்று, கதையில் உண்மையாகவே உள்ளது: பயந்தவர்களை இயேசு படகிலிருந்து இறக்கிவிடவில்லை, அவர்களோடுதான் இருந்தார். பிறகு அந்தக் கவலையையே பிள்ளை ஜெபமாகச் சொல்லட்டும்: "ஆண்டவரே, எங்க அப்பாவோட இரும்." இவ்வளவு குட்டி ஜெபம் போதும்.

கொஞ்சம் வளர்ந்த, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை அப்பாதான் சொல்ல வேண்டும். தனக்குப் படிப்பில்லை, வேதம் சொல்லித்தருவது தன் வேலை இல்லை என்று ஒதுங்கும் அப்பாக்களை இந்த அதிகாரம் உள்ளே இழுத்துவிடும். பவுல் கைதியாகப் போகும் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. நள்ளிரவில், கரை நெருங்குகிறது என்று மாலுமிகளுக்குச் சந்தேகம் வருகிறது. ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கிறார்கள்: பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடக் கூடாதென்று பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஐந்து பாகம் குறைந்தால் என்ன பொருள், நங்கூரத்தை ஏன் முன்பக்கம் போடாமல் பின்பக்கம் போட்டார்கள் என்று ஒரு அப்பா விளக்கும்போது, எந்த மறைக்கல்வி ஆசிரியரும் சொல்ல முடியாத பாடம் அங்கே நடக்கிறது. கையை விரித்து ஒரு பாகம் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். பிள்ளை தன் கையையும் விரித்து அளந்து பார்க்கும். முடிவையும் மறைக்காமல் சொல்லுங்கள்: கப்பல் உடைந்து போனது, 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். அவர்கள் பிழைப்பார்கள் என்ற வாக்கு அந்தப் பயணத்துக்காகப் பவுலுக்குக் கொடுக்கப்பட்டது. வேறொரு கடிதத்தில், மும்முறை கப்பல் சிதைவில் சிக்கியதாகவும், ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்ததாகவும் அவரே எழுதுகிறார். நம்பிக்கை உள்ளவருக்கும் கப்பல் உடையும் என்பதைப் பிள்ளைகள் பவுலிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

கைது செய்யப்பட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் அப்பாவைப் பற்றிய கேள்வியும் நம் கரையில் வருகிறது. அப்போது திருத்தூதர் பணிகள் 12-ஆம் அதிகாரத்தைச் சொல்வார்கள்: பேதுரு சிறையில் கிடக்கிறார், சபை ஜெபிக்கிறது, வானதூதர் வந்து சங்கிலியைக் கழற்றுகிறார். அழகான கதைதான், கதவைத் திறக்கப் போன ரோதி என்ற பணிப்பெண் மகிழ்ச்சியில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிடுவதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், யோவானின் சகோதரர் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றான் என்று இருக்கிறது. அந்த யாக்கோபுதான் தங்கச்சிமடத்திலும் மூக்கையூரிலும் நாம் ஜூலை மாதத்தில் திருவிழா எடுக்கும் சந்தியாகப்பர். ஒருவர் விடுவிக்கப்பட்டார், ஒருவர் கொல்லப்பட்டார். இருவரையும் இயேசுவே கரையிலிருந்து கூப்பிட்டார், இருவருமே அவருக்குப் பிரியமானவர்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சிறியவர்களுக்குப் பேதுருவின் கதை மட்டும் போதும். ஆனால் "நாம் ஜெபித்தால் அப்பாவும் நாளைக்கே வந்துவிடுவார்" என்ற வரியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

இழப்பு நேர்ந்த வீட்டில் "சாமிக்குப் பிடிச்சதால எடுத்துக்கிட்டாரு" என்று ஆறுதலாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை, தனக்குப் பிடித்த எல்லாரையும் சாமி எடுத்துக்கொள்வாரோ என்று பயப்படத் தொடங்கும். யோவான் 11-ஆம் அதிகாரத்தில் நண்பர் இலாசர் இறந்தபோது, கல்லறைக்குச் செல்லுமுன் இயேசுவும் அழுதார் என்பதைச் சொல்லுங்கள். சில நாள் கழித்து யோவான் 21-ஐச் சொல்லுங்கள்: உயிர்த்த இயேசு விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் கடலில் கிடந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை.

தள்ளி வைக்க வேண்டியவை

திருவிவிலியத்தில் உள்ள அனைத்தும் நான்கு வயதுக்கு உரியவை அல்ல. நீதித் தலைவர்கள் நூலின் கொலைகள், இப்தாவின் மகள், திருமுழுக்கு யோவானின் தலை, திருவெளிப்பாட்டின் விலங்குகள் ஆகியவற்றை ஒன்பது பத்து வயது வரை தொட வேண்டாம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனதை, அப்பாவின் மடியில் தூங்கும் வயதுப் பிள்ளைக்குச் சொல்லவே கூடாது. நோவாவின் கதையைப் படப் புத்தகங்கள் விலங்குகளின் ஊர்வலமாகக் காட்டுகின்றன. கடல் ஊருக்குள் வந்ததைப் பற்றித் தாத்தா பேசக் கேட்ட பிள்ளைக்கு அது அவ்வளவு விளையாட்டுக் கதை அல்ல. வானவில்லும் வாக்குறுதியும் வரும்வரை, அதே இரவில், முழுதாகச் சொல்லி முடியுங்கள். பாடுகளின் கதைக்கும் இதே முறைதான். தவக்காலத்தில் சிலுவைப் பாதையில் பிள்ளைகள் பதினான்கு நிலைகளையும் பார்க்கிறார்கள்; வீட்டில் சொல்லும்போது சிலுவையோடு நிறுத்தித் தூங்க அனுப்பாமல், மூன்றாம் நாளில் கல் புரண்டு கிடந்ததையும் சொல்லிவிட்டே விளக்கை அணையுங்கள்.

உவமைகளைக் கையால் செய்து காட்டலாம். விதைப்பவர் உவமைக்கு நான்கு கொட்டாங்கச்சி போதும்: ஒன்றில் மிதித்து இறுக்கிய மண், ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் சீமைக்கருவேல முள்ளோடு சேர்ந்த மண், ஒன்றில் நல்ல மண். பாசிப்பயறு போட்டுத் தண்ணீர் தெளித்து வாரம் முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள். வலை உவமையை, கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று மத்தேயு 13-இலிருந்து வாசிக்கலாம்; அது தீர்ப்பைப் பற்றியது என்பதால் எட்டு வயதுக்குப் பிறகு.

மனப்பாடம்

வசன மனப்பாடத்துக்கு இந்தக் கடற்கரைப் பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தரும்படி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். நம் முன்னோர் பலருக்கு வேதம் வந்து சேர்ந்தது பிள்ளைகளின் வாய்வழியாகத்தான்.

வாரத்துக்கு ஒரு வசனம் போதும், அதுவும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை" என்பதில் தொடங்கலாம். சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளைகள் இதையே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று படிப்பார்கள், அப்பா வீட்டில் ஒன்றும் அம்மா வீட்டில் மற்றொன்றும் வழங்கினால் பிள்ளை குழம்பாமல் இருக்க, எது ஒன்றையாவது நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 56-ஆம் சங்கீதத்தில் (திருப்பாடலில்) உள்ள "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்பது நம் கரைக்கு மிகவும் தேவையான வசனம். பயப்படுவது பாவம் இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களைப் பற்றிய 107-ஆம் திருப்பாடலின் 23 முதல் 30 வரையுள்ள பகுதியைப் பெரிய பிள்ளைகள் மெல்ல மெல்லப் படித்துக்கொள்ளலாம்.

தவறு செய்த பிள்ளையை "பத்துத் தடவை வசனம் எழுது" என்று தண்டிக்காதீர்கள். "சாமி கண்ணக் குத்தும்" என்று மிரட்டவும் வேண்டாம். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்கள்மேல் இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு பத்தாம் அதிகாரம் சொல்கிறது. அவரைப் பூச்சாண்டியாக்கிப் பிள்ளையிடம் காட்டுவதும் ஒரு வகையில் தடுப்பதுதான்.

புனிதர் கதைகளும் அக்கம்பக்கத்துக் கதைகளும்

ஓரியூரில் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), கச்சத்தீவில் அந்தோணியார், ஊருக்கு ஊர் சந்தியாகப்பர், சூசையப்பர் என்று நம் பிள்ளைகள் புனிதர்களின் பெயர்களைக் கேட்டே வளர்கிறார்கள். இவர்களில் யார் திருவிவிலியத்தில் வருகிறார்கள், யார் பிற்காலத்தவர் என்பதைச் சொல்லிப் பிரித்துக் காட்டுவது அவசியம். சந்தியாகப்பரும் சூசையப்பரும் நற்செய்தியில் இருக்கிறார்கள். அந்தோணியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்தவர். அருளானந்தர் ஓரியூரில் கொல்லப்பட்டது 1693 பிப்ரவரி 4-ல். ஓரியூருக்குப் போகும்போது அவர் கதையைச் சொல்லுங்கள், ஆனால் மாலை நேரத்துப் பத்து நிமிடம் திருவிவிலியத்துக்கே இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைக்கு நூஹ், இப்ராஹிம், யூசுப், மூஸா என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். இராமேசுவரத்தில் வளரும் பிள்ளை இராமர் கதையைத் தெருவிலேயே கேட்டிருக்கும். "அவங்க சொல்றது பொய்யா?" என்று கேட்டால், "அவங்க வீட்டுல அவங்க அதை மதிக்கிறாங்க, நம்ம வீட்டுல நாம இதை நம்புறோம், யாரையும் கேலி பண்ணக் கூடாது" என்று சொன்னால் போதும்.

தடைக்காலத்தின் 61 நாட்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம், பெரும்பாலும் பள்ளி விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. வருமானம் நின்று வீட்டில் சிரமம் உள்ள காலம்தான். ஆனாலும் அப்பா ஒவ்வோர் இரவும் வீட்டில் இருக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றே. மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்களும், ஏறக்குறைய 670 வசனங்களும் இருக்கின்றன. நாளுக்குப் பதினொரு வசனம் வாசித்தால் 61 நாட்களில் நற்செய்தி முழுவதும் முடிந்துவிடும். கதை நடுவில் அறுந்துவிடாதபடி சில நாள் கூட்டியும் சில நாள் குறைத்தும் வாசியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் யாயிரின் மகளைப் பற்றிய பகுதியை ஒரே மாலையில் முடித்துவிட வேண்டும். அந்தச் சிறுமி எழுந்ததும் "அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள்" என்று இயேசு சொல்வதைக் கேட்காமல் பிள்ளை தூங்கப் போகக் கூடாது. ஆறாம் அதிகாரத்தில் ஏரோதின் விருந்தை மட்டும் சிறியவர்களுக்காகத் தாண்டிவிடுங்கள். வலை சரிசெய்யும் இடத்தில், படகுக்கு வண்ணம் பூசும் இடத்தில் அப்பாவோடு பிள்ளை நிற்கும்போது, நேற்றைய கதையை அப்பாவுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பேதுருவையும் யோனாவையும் ஒன்றாகக் கலந்து சொன்னாலும் நடுவில் திருத்தாமல் முழுவதும் கேளுங்கள், அன்று மாலை புத்தகத்தைத் திறந்து, "எது எங்க வருதுன்னு பாப்போமா?" என்று சேர்ந்து தேடுங்கள்.

தடை முடிந்து படகுகள் இறங்கியதும் பழைய ஒழுங்கு கொஞ்சம் குலையும். அப்பா இல்லாத இரவில் வாசித்ததை, அவர் கரை வந்த நாளில் பிள்ளையே சொல்லட்டும். நான்காம் வகுப்பு அளவில் பிள்ளை தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கும். நம் வீடுகளில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். அப்போது உடுப்புக்கும் விருந்துக்கும் ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பெரிய எழுத்தில் அச்சான திருவிவிலியம் ஒன்றை அதன் பெயருக்கே வாங்கிக்கொடுங்கள். அதை அலமாரியில் பூட்டிவைக்காமல் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அன்றிலிருந்து வாசிப்பவர் அந்தப் பிள்ளை, கேட்பவர் நீங்கள். அடுத்த தம்பிக்கோ தங்கைக்கோ மாற்கு முதல் அதிகாரத்தைச் சொல்லும் வேலையையும் அதனிடமே கொடுத்துவிடுங்கள்.